செல்வமாரி எழுத மறுத்த கடிதம்

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டிய ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் செல்வமாரி பதினோரு வருஷமாகக் கணினி லேப் உதவியாளர். சொந்த ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம். உளுந்தும் பருத்தியும் மழையை நம்பி விதைக்கிற குடும்பம். லேபில் இருந்த இருபத்திரண்டு கணினிகளிலும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஏற்றி, போட்டதும் ‘எது வேண்டும்’ என்று கேட்கிற பூட் மெனுவை அமைத்தவள் அவள்தான். யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாலைந்து முறை கெடுத்து, கெடுத்துச் சரிசெய்து கற்றுக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. எட்டரைக்கு முதல் கணினியைப் போட்டாள். மெனு வரவில்லை; நேரே விண்டோஸ் வந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. இருபத்திரண்டிலும் அதே கதை. பிள்ளைகள் ஆறு மாதமாக எழுதிய புரோகிராம்கள் எல்லாம் லினக்ஸில் இருந்தன.

முதல்வர் சாமித்துரையிடம் போய்ச் சொன்னாள். அவர் லேபுக்கு வந்தபோது பின்னாலேயே வேல்ராஜும் வந்தான். கல்லூரிச் செயலாளரின் மருமகன். ஆறு மாதமாக ‘கணினி ஆலோசகர்’.

“லினக்ஸ் மொத்தமா அழிஞ்சிட்டு சார். பராமரிப்பு சரியில்ல,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

முதல்வர் அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இப்படி அசட்டையா இருக்கலாமா? என் கவனக்குறைவால நடந்துட்டுன்னு ஒரு கடிதம் எழுதிக் குடுத்திரு. வெளியில இருந்து வார எக்ஸாமினருக்கு நான் பதில் சொல்லணும்லா?”

செல்வமாரிக்குக் காது மடல் சுட்டது. சனிக்கிழமை சாயங்காலம் பூட்டும்போது எல்லாம் சரியாக இருந்தது.

“நான் எதுக்கு சார் எழுதணும்? அழிஞ்சிட்டுன்னு சொல்லுதாவளே, திறந்து பார்த்தாவளா?”

தன் பென்டிரைவைச் சொருகி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பினாள். லினக்ஸ் இருந்த பகுதியைத் திறந்தாள். பிள்ளைகளின் பெயர்களில் ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன.

“இங்கன பாருங்க சார். ஒரு ஃபைல் போகல. வாசலை அடைச்சுப்போட்டு வீட்டையே காணோம்ங்காவ.”

பக்கத்துக் கணினியில் விண்டோஸின் விவரத்தைத் திறந்து காட்டினாள். நிறுவிய நாள்: ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பது.

“நேத்து எனக்கு லீவு சார். விண்டோஸைப் புதுசா ஏத்துனா அது தன்னையே முதல்ல வச்சுக்கிடும். பெறகு மெனுவை நாமதான் திருப்பிக் கொண்டாரணும். அது தெரியாதவிய எதுக்கு இதுல கை வைக்காவ?”

வேல்ராஜ் தொண்டையைச் செருமினான். “நல்லதுக்குத்தான் சார் அப்டேட் பண்ணினேன்...”

“சரி, விடும்மா,” என்றார் முதல்வர் அவசரமாக. “இப்ப சரி பண்ணு. மத்ததைப் பெறகு பேசுவோம்.”

விடும்மா! கடிதம் கேட்டபோது அவள் பெயரில் கேட்டார். தப்பு யாருடையது என்று தெரிந்ததும் யாருடையதும் இல்லாமல் ஆகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாமா என்று தோன்றியது. வராந்தாவில் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டும் கையுமாக, வெளிறிப்போய் நின்றார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

மூன்று பென்டிரைவ்களை மாற்றி மாற்றிச் சொருகினாள். ஒவ்வொரு கணினியாக, மெனுவைக் கொண்டுவருகிற பூட் லோடரை மறுபடி பதித்து, இரண்டு பெயர்களும் மெனுவில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்கு நகர்ந்தாள். விசைகளை அவள் தட்டிய சத்தம் வராந்தா வரை கேட்டது. பதினொன்றரைக்குத் தேர்வு தொடங்கியது. வேல்ராஜ் அதற்குள் போய்விட்டிருந்தான்.

சாயங்காலம் ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை நாள், நேரத்தோடு எழுதினாள். தனக்குத் தெரியாமல் யாரும் லேப் கணினிகளைத் தொடக் கூடாது, வேல்ராஜ் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடித்தாள். முதல்வர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“பெரிய இடத்துச் சமாச்சாரம் செல்வமாரி. இது வேண்டாமே.”

“என்கிட்ட கடிதம் கேட்டப்போ நான் சின்ன இடம்னுதான கேட்டிய? வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க சார்.”

அவர் போட்டார். முதல் கோரிக்கைக்கு ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. மன்னிப்பு வரவில்லை. இப்போதும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் முதல்வர் அறைக்குப் போய், நின்றபடியே கேட்கிறாள்: “ரெண்டாவதுக்கு என்ன பதில் சார்?”