இடது திரும்பும், கிழக்கு திரும்பாது

என் மனைவி கோசலை, பெர்மி என்கிற வண்டி ஓட்டும் லைசென்ஸ் எடுக்கப் போய் இரண்டு தரம் கோட்டை விட்டவள். முதல் தரம் பரீட்சை அதிகாரி "ஆ கோஷ்" என்றார், இடப்பக்கம் என்று. இவள் வலப்பக்கம் திருப்பி ஒருவழிப்பாதைக்குள் எதிர்த்து நுழையப் போனாள். அவர்தான் பிரேக்கை மிதித்தார். இரண்டாம் தரம் சுற்றுவட்டத்தின் நடுவே காரை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

பிரெஞ்சு விளங்காமல் இல்லை. இருபது வருடமாக இங்கே அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவள். ஆனால் அவள் பேச்சில் இடதும் வலதும் கிடையாது. "உப்புப் போத்தல் சட்டிக்குக் கிழக்காலை இருக்கு" என்பாள். காலையில் பஸ் ஏறினால், "மேற்குப் பக்கம் இருங்கோ, வெயில் படாது." அப்படியே பேசிப் பழகிய தலை, முதலில் திசையைப் பார்த்துவிட்டுத்தான் 'கோஷ்' எது என்று தேடும். கார் அதுவரை காத்திருக்குமா?

எங்கள் வீடு தலைநகருக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில். அங்கேயே முதியவர்களுக்கு வான் வண்டியில் சாப்பாடு கொண்டுபோகும் வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் பெர்மி காட்டவேண்டும். இல்லாவிட்டால் பழையபடி விடியமுன் ரயில், வாளி, துடைப்பம், முழங்கால் நோ.

"விட்டிடு. ஐஞ்சிலை வளையாதது ஐம்பதிலை வளையுமே?" என்றேன்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். "நான் ஏன் வளைய வேணும்? நான் திரும்பினால் இடதும் என்னோடை சேர்ந்து திரும்புது. கிழக்கு திரும்புதே? நிண்ட இடத்திலை நிக்கிறதை நம்புறது பிழையே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "உதைப் போய் பரீட்சை எடுக்கிறவனிட்டைச் சொல்லு" என்றேன்.

அவள் அவனிடம் சொல்லப் போகவில்லை. வேலை முடிந்து கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, லா சப்பலில் நான் வேலைக்கு நிற்கும் மரக்கறிக் கடைக்குத் தினமும் நடந்து வந்தாள். ஒவ்வொரு நாளும் வேறு வேறு தெருவால். ஒவ்வொரு திருப்பத்திலும், வலதென்றால் "துருவாத், கிழக்கு", இடதென்றால் "கோஷ், வடக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. கடைக்கு வந்த பத்திநாதர் அண்ணை என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "தங்கச்சிக்கு ஏதும் சுகமில்லையோ?"

எனக்கு மானம் போயிற்று. அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"சனம் என்னவும் சொல்லட்டும். எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள். ஏழு கிழமை நடந்தாள். மழையிலும் நடந்தாள்.

மூன்றாம் பரீட்சை அவளுக்குப் பழக்கமில்லாத ஊரில். பின்சீட்டில் இருந்த பயிற்சியாளர் செசில்தான் நடந்ததை எனக்குச் சொன்னாள். கோஷ், துருவாத் ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசியில் அதிகாரி, "இனி நான் வழி சொல்லமாட்டேன். பலகைகளைப் பார்த்து லா கூர்னெவ் பக்கம் போங்கள்" என்றார். பாதி வழியில் வீதி வேலை, மாற்றுப்பாதையில் திருப்பிவிட்டார்கள். இரண்டு தெரு தாண்டியதும் ஒரு பலகையும் இல்லை. கோசலை வேகத்தைக் குறைத்து, நாலு சின்னத் தெருக்களுக்குள்ளால் அமைதியாகப் போய்ப் பெரிய வீதியில் ஏறினாள்.

"இந்த இடம் தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லை, மிசியூ. லா கூர்னெவ் தெற்கே இருக்கிறது. நான் தெற்கை விடவில்லை."

அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து முடிவு போனில் வந்தது: சித்தி, பாஸாகிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். அவள் அழவில்லை. உடனே அந்தச் சாப்பாட்டு வேலை தரும் இடத்துக்கு நம்பர் அடித்தாள். வீட்டில் பிரெஞ்சில் போன் பேசுவது என்றால் எப்போதும் நான்தான். வழக்கம்போல் கையை நீட்டினேன்.

அவள் போனைத் தரவில்லை. "பொன்ஜூர் மதாம், கோசலை பேசுகிறேன். பெர்மி கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வரட்டுமா?" என்று தானே பிரெஞ்சில் பேசினாள். அவளுக்குச் சரிவராது என்று நானாகவே முடிவு கட்டியிருந்த இன்னொன்று அது.