மஞ்சள் தெரியும் வெளிச்சம்

பிறந்து சில நாளே ஆன என் மகளின் மார்பில் டாக்டரம்மா விரலை வைத்து அழுத்தி எடுத்த அந்த நொடி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ராசிபுரத்தில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரி. நாங்கள் வீட்டுக்குப் புறப்படும் நாள். கார்கூட வாசலுக்கு வந்துவிட்டது.

அந்த வார்டில் அப்போதுதான் புது விளக்குகள் மாட்டியிருந்தார்கள். கல்யாண மண்டபம்போல இளமஞ்சள் வெளிச்சம். பார்க்க வந்தவர்களெல்லாம் குழந்தை தங்கமாட்டம் இருக்கிறாள் என்றார்கள். அழாமல் தூங்கிக்கொண்டே இருந்ததால் சமத்து என்றும் மெச்சினோம். நான் சேலத்து ஜவுளிக்கடைகளுக்கு விளக்கு அமைத்துக் கொடுப்பவன்; எந்த வெளிச்சத்தில் எந்தப் பட்டு எடுப்பாகத் தெரியும் என்பதுதான் என் பிழைப்பு. தொழில் புத்தி விடுமா? பெற்ற பிள்ளையைக் கொஞ்சாமல் கூரையைப் பார்த்து, இது யார் செய்த வேலை என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வெண்ணந்தூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தவர், குழந்தையை வாங்கிக்கொண்டு வராந்தா ஜன்னலுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். பகல் வெளிச்சத்தில்தான் மார்பை அழுத்தினார். விரல் பதிந்த இடத்தில் ரத்தம் விலகி, அடியில் நல்ல மஞ்சள் தெரிந்தது. கண்ணிலும் மஞ்சள். வார்டின் இளமஞ்சள் வெளிச்சத்தில் இது தெரியாமலே போயிருந்தது.

"ஏனுங்க, சீலை எடுத்தா கடை வாசலுக்குக் கொண்டாந்து நெறம் பாக்கறோமல்லங்க? கொழந்தைக்கும் பாக்க வேண்டாமுங்களா?" என்றார்.

காரைத் திருப்பி அனுப்பினோம். ரத்தப் பரிசோதனையில் மஞ்சள்காமாலை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. மகளை, காமாலையை இறக்கும் நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்று பிறகுதான் சொன்னார். இன்று அவள் என்னோடு வாய்க்கு வாய் பேசும்போதெல்லாம் மனசுக்குள் டாக்டரம்மாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

மகள் தேறியதும் வார்டு விளக்குகளை மாற்றித் தரும்படி டாக்டரம்மா என்னிடம் சொன்னார். எல்லோருக்கும் பிடித்த வெளிச்சமாயிற்றே என்று ஆஸ்பத்திரி முதலாளி இழுத்தார். "அழகாத் தெரிய வேண்டாமுங்க. உள்ளது உள்ளபடி தெரிஞ்சாப் போதும்" என்று முடித்துவிட்டார் டாக்டரம்மா. நான் ஒவ்வொரு விளக்காக மாட்ட, தன் உள்ளங்கையை அடியில் நீட்டிப் பார்த்தார். ஜன்னலோரம் தெரிந்த நிறம் அங்கேயும் வரும்வரை என்னை விடவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வேலைகள் நிறையத் தேடி வந்தன.

போன மாதம் நாமகிரிப்பேட்டையில் நான் விளக்கமைத்த வார்டுக்குப் போயிருந்தேன். விளக்கு மாட்டியவன் நான்தான் என்று தெரிந்து ஒரு இளம் தகப்பன் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க லைட்டு சரியில்லைங்க. கொழந்தை மஞ்சளாத் தெரியுது." அது காதில் விழுந்ததும் நர்ஸ் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார். சாயங்காலத்துக்குள் நீல விளக்கின் கீழ் வைத்துவிட்டார்கள்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். என் வேலையை ஒருவர் குறை சொல்லி எனக்கு இத்தனை சந்தோஷம் வந்ததில்லை என்று, நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். விளக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கொழந்தை பால் குடிக்குதுங்களா?" என்றார்.