மாடியிலிருந்து எழுதிய அருவி நிலவரம்

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற ஓர் இணையதளத்தில் குற்றாலத்துக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, அருவிப் பக்கமே போகாமல் அருவி நிலவரம் எழுதிவந்த முட்டாள் நான்தான். தென்காசியில் என் வீட்டு மாடியில் சாரல் முகத்தில் பட்டால் போதும், ‘குளிக்க உகந்த நாள்’ என்று ஏற்றிவிடுவேன்.

போன ஆடியில் அதை நம்பித் தூத்துக்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்தான் என் மைத்துனன். எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனால், வெள்ளம், குளிக்கத் தடை. வழிகிற எண்ணெயோடு அத்தனை பேரும் எங்கள் வீட்டு ஒற்றைக் குளியலறை வாசலில் வரிசைகட்டினார்கள்.

“எவனோ கூறுகெட்ட பய எழுதியிருக்கான் அத்தான். கையில கிடைச்சாம்னா தெரியும்.”

“நான்தாம்லே அது,” என்றேன். அவன் வாளியைக் கீழே வைத்தான். எண்ணெய் வழிய என்னை முறைத்தான்.

இப்போதெல்லாம் நான் நனைந்த பிறகுதான் எழுதுகிறேன். மனைவி மட்டும் அன்றிரவே சமாதானம் சொன்னாள்: “விடுங்க. அதை ஒரு ஆளாவது படிக்கான்னு இன்னைக்காவது தெரிஞ்சுதே.”