சாவு வீட்டுத் தண்ணீர்

ராமாத்தாள் ஜேடர்பாளையத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பத்தொன்பது வருடம் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியை இயக்கினார். மோட்டார் போடுவது, தொட்டி நிரம்பியதும் நிறுத்துவது, நான்கு தெருவுக்கும் முறை வைத்து வால்வு திறப்பது. இடுப்பளவு உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நடந்தால் குடங்கள் வெளியே வரும். மேட்டுத் தெருவுக்கு முக்கால் மணி, பள்ளத்துத் தெருவுக்கு இருபது நிமிடம். எதையும் எழுதி வைத்ததில்லை. சண்டைக்கு வந்தவர்களோடு சண்டை போட்டார்.

மகன் நவநீதகிருஷ்ணன் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னியல் ஆசிரியர். சென்ற ஆண்டு ஸ்வீடனிலிருந்து ஆறு மாணவர்கள் அங்கே வந்தார்கள். மூன்று வாரம் ஒரு கிராமத்துக்கு வேலை செய்து அதிலிருந்து கற்பது அவர்கள் படிப்பில் ஒரு பாடம், மதிப்பெண் உண்டு. எந்த ஊர் என்று கேட்டார்கள். அவன் தன் ஊரைச் சொன்னான்.

நல்ல பிள்ளைகள். தோல் உரிய உரிய வெயிலில் நின்று குழாய் குழாயாக அளந்தார்கள். எலின் என்ற பெண் நோட்டோடு ராமாத்தாளிடம் வந்தாள். மகன் மொழிபெயர்த்தான்.

“முறையை எப்பம்மா மாத்துவேன்னு கேக்கறா.”

“எழவு உழுந்தா மாத்துவேன். சாவு ஊட்டுக்கு ஏது முறை? பொணத்தைக் குளிப்பாட்டோணும், ஒரம்பரை சனம் வரும், சுடுகாட்டுக்குப் போய்ட்டு வர்றவங்க தலைக்கு ஊத்தோணும். ரண்டு மணி நேரம் உடோணும். அப்படியே சொல்லு கண்ணு.”

மணி ஒன்றாகியிருந்தது. இன்னும் பதினோரு கேள்விகள் பாக்கி. ‘எப்போதாவது அவசரத்துக்கு’ என்று அவன் ஆங்கிலத்தில் முடித்துவிட்டான். தீ விபத்தாக இருக்கும் என்று எலின் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் நான்கு வால்வுகளும் மின்சார வால்வுகளாயின. சுவரில் பூட்டிய பெட்டி வந்தது. தெருவுக்கு இன்ன நாள், இன்ன நேரம் என்று அது தானே திறந்து மூடும். மாற்ற வேண்டுமென்றால் கடவுச்சொல் வேண்டும். அது ஸ்வீடனில் இருந்தது. கையால் திருகும் தலையையும் கழற்றிவிட்டார்கள். ஓர் ஆளின் தயவில் தண்ணீர் இருக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

“நான் யாருக்குடா ஓரவஞ்சனை பண்ணினேன்?” என்று ராமாத்தாள் கேட்டார்.

“உன்னையச் சொல்லலைம்மா. பொதுவா.”

“பொதுவா வேற எவ இங்க சாவி தூக்குனா?”

திறப்பு விழாவில் அவருக்குச் சால்வை போட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு காலை ஒன்பது மணிக்கு, மேட்டுத் தெரு மாரியப்பன் ஓடி வந்தான். “அக்கா, எங்கம்மா போயிருச்சு. தண்ணி உடுங்க.”

மேட்டுத் தெருவின் முறை மறுநாள். ராமாத்தாள் பெட்டியை உற்றுப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. மகனுக்குப் போன் போட்டார்.

“மெயில் போடறேம்மா. அங்க இப்ப விடிகாலை அஞ்சரை. எந்திரிச்சதும் பாப்பாங்க.”

“அதுவரைக்கும் பொணம் நாறாதா? அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா.”

“நான் அதை முழுசாச் சொல்லலைம்மா.”

“ஏன்?”

“நேரமில்லை.”

ராமாத்தாள் போனை வைத்துவிட்டார்.

“வெள்ளைக்காரப் புள்ள பல்லு வெளக்கி வந்தாத்தான் எங்கம்மாளுக்குக் குளியலாக்கா?” என்றான் மாரியப்பன். அழுதுகொண்டேதான் கேட்டான்.

மாணவர்கள் கை வைக்காத ஒரு வால்வு இருந்தது. தொட்டியைக் கழுவும்போது அழுக்குத் தண்ணீரைக் கீழே விடுகிற வால்வு. ராமாத்தாள் பழைய சாவியைப் போட்டுத் திருகினார். தொட்டியின் காலடியில் தண்ணீர் கொட்டியது. குடம், டிரம், பால் கேன், எது கிடைத்ததோ அதில் பிடித்து வண்டியில் மேட்டுக்கு ஏற்றினார்கள். பாதி சாக்கடையில் போயிற்று. பள்ளத்துத் தெருப் பெண்களும் சுமந்தார்கள், அன்றைய தண்ணீர் தங்களுடையது என்று தெரிந்தும்.

மாலையில் பெட்டி ஓர் அறிக்கை அனுப்பியது: பதினெட்டாயிரம் லிட்டர் கசிவு, இயக்குபவரின் தவறு. நவநீதகிருஷ்ணன் ஸ்வீடனுக்கு விளக்கம் எழுதினான். மூன்று முறை எழுதினான். மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், திட்டக் காலம் முடிந்தது என்று பதில் வந்தது. பெட்டியைக் கழற்ற ஊராட்சியில் கேட்டான். வெளிநாட்டு நன்கொடை, தீர்மானம் வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் போய்ச் சொன்னான்.

“நீ எழுதிட்டே இரு சாமி” என்றார் ராமாத்தாள்.

அதற்குப் பின் ஊரில் எழவு விழும்போதெல்லாம் தொட்டியைக் கொட்டித்தான் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வரும்வரை ஊரே குடத்தோடு திட்டும். அவரும் திட்டுவார்.

ஐப்பசியில் ராமாத்தாளுக்கு நெஞ்சுவலி. நாமக்கல் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. மாரியப்பன்தான் அந்த வால்வைத் திருகினான். நான்கு தெருவும் வந்திருந்தது, எல்லோருக்கும் ஊற்றினார்கள். சுடுகாட்டிலிருந்து நவநீதகிருஷ்ணன் திரும்பியபோது குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. தொட்டி காலி, மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் இல்லை. கொள்ளிக்குடத்தில் நனைந்த வேட்டியோடு, தலைக்கு ஊற்ற, அவன் மேட்டுத் தெருக் குழாயடியில் நின்றான்.

அன்று மேட்டுத் தெருவின் முறை. பெட்டி சரியாக ஆறு மணிக்கு வால்வைத் திறந்தது. குழாயில் காற்று வந்தது.