கலியாண வாணம்

நேற்று இரவு, வீட்டுப் பால்கனியிலிருந்து, வெள்ளவத்தைக் கடலுக்கு மேலே சரமாக ஊர்ந்த வெளிச்சங்களைக் கண்டு என் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவை செயற்கைக்கோள்கள் என்று சொல்லத் தொடங்கிய எனக்கு, எங்கள் பழைய வீட்டு மொட்டைமாடி நினைவுக்கு வந்தது. இன்று அங்கே லிஃப்ட் வைத்த பிளாட்ஸ் நிற்கிறது.

இரவிலும் வெயிற்சூடு ஆறாத சீமெந்துத் தரையும், உப்புக்காற்றில் காயாமல் பிசுபிசுக்கும் துணிகளும், ரயில் போகும்போதெல்லாம் அதிரும் தண்ணீர்த் தாங்கியுமாக இருந்த அந்த மாடியில், யுத்தகாலத்தில் ஒருநாள், ஊர் முழுக்கக் கரண்ட் நின்றபோது, வடக்கே துறைமுகப் பக்கம் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக வானத்தில் ஏறுவதை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அது கலியாண வீட்டு வாணம், பிள்ளை. கீழ வா,” என்று அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியையும் ஊதி அணைத்தார். விடிந்ததும் பலகாரம் வருமென்று நான் வாசல் கேற்றடியில் காத்திருந்தேன். அவை தாக்க வந்த விமானத்தைச் சுட்ட குண்டுகள் என்று தெரிய வருடங்களாயின.

மகளுக்குச் சொல்லி முடித்துத் திரும்பினேன். வீடு இருட்டாக இருந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்கு வா. லைட்டெல்லாம் நூத்திட்டன்.”