பிரான்சுக்குப் போய்வந்த வாட்ச்

என் வீட்டுக்காரரின் வாட்ச் ஒன்றரை மணியில் நின்றுபோனது. நின்றதுதான் நின்றது, வேறு மணியில் நின்றிருக்கக் கூடாதா? அவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருந்தவர். மதிய ஷிப்டுக்கு ஒன்றரைக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது, ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. ஆனாலும் வாட்ச் ஒன்றரை என்றால் ஒன்றரைதான். காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் பஸ் ஸ்டாப் வரை போய்த்தான் கூட்டிவந்தேன்.

வேறு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டால் கழற்றி எறிந்தார். கதிர்காமம் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும், "பழகின பொருள மாத்தாதீங்கம்மா. எத அவரு தன்னுதுன்னு சொல்றாரோ, அது கூடவே இருக்கட்டும்" என்றார். என் பெயரே சில நாள் அவர் வாயில் வராது. அந்த வாட்ச் மட்டும் என்றைக்கும் அவருடையது. எனக்கு அதன்மேல் பொறாமைகூட இருந்தது.

நேரு வீதியில் வாட்ச் ரிப்பேர் செய்பவர் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு இங்க சாமான் கெடைக்காதும்மா. கம்பெனிக்கே அனுப்பணும்."

கம்பெனி பிரான்சில் இருக்கிறது. பாரிஸ் பக்கத்தில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போனபோது அவர் ஆசைப்பட்டு வாங்கியது அது. தங்கைக்கே பார்சல் போட்டேன். பிரான்சில் சொந்தம் உள்ள எங்கள் ஊர்க்காரர்கள் பார்சல் தாளில் ஒன்றைத்தான் எழுதுவோம். கதோ, அதாவது பிரெஞ்சில் அன்பளிப்பு. வடகத்துக்கும் கதோ, மிளகாய்த்தூளுக்கும் கதோ. அதே கையோடு வாட்சுக்கும் கதோ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே கேள்விதான். வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "என் வாட்ச் எங்க?" என்பார்.

"ரிப்பேருக்குப் போயிருக்குங்க."

பத்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்பார். "நீதான எடுத்து ஒளிச்சி வெச்சிருக்க?" என்று ஒருநாள் முறைத்தார். நானும் பொறுமைசாலி இல்லை, கத்திவிட்டேன். அப்புறம் சமையலறையில் நின்று அழுதேன்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். "அக்கா, எதெது மாத்தணும்னு கேட்டு கம்பெனிலேர்ந்து பெரிய லிஸ்ட் வந்திருக்கு. என்ன சொல்றது?"

"எதுக்குக் கொற வெக்கணும்? எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடு" என்றேன்.

ரிப்பேர் முடிந்து தங்கை திருப்பி அனுப்பினாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே, கதோ என்று எழுதியிருக்கிறாள். பார்சலைச் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். யாருடைய பொருள், எப்போது வாங்கியது, பில் எங்கே என்று கடிதம் வந்தது. பில்லுக்கு எங்கே போவேன்? சுங்க ஆபீசுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க அவங்களுக்கு அன்பளிப்பா குடுத்துட்டீங்க மேடம். இப்ப அவங்க உங்களுக்குக் குடுக்கறாங்க. அப்பறம் எப்படி இது உங்களுது?"

"என்னுது இல்லீங்க, எங்க வீட்டுக்காரருது."

"அவரு பேரு எந்தப் பேப்பர்லயும் இல்லியே."

அந்த மனுஷன் சொன்னதில் தப்பே இல்லை. எனக்குத்தான் தலை சுற்றியது. வாட்ச் யாருடையது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில், அவர் அதைக் கட்டிக்கொண்டிருக்கும் பழைய போட்டோவைத் தேடி அனுப்பி, விளக்கம் மேல் விளக்கம் எழுதி, கேட்ட வரியையும் கட்டிய பிறகு விட்டார்கள்.

டப்பாவைத் திறந்தேன். புது எவர்சில்வர் பாத்திரம் போல மின்னியது. லேத்தில் உரசிய கண்ணாடிக் கீறல் இல்லை. நாலு மணிக்குப் பக்கத்தில் தண்ணீர் இறங்கிப் பழுப்பேறியிருந்த கறையும் இல்லை. டயல், முள், வார் எல்லாமே புதுசு. எல்லாத்துக்கும் சரி சொன்னவள் நான்தான். பின்பக்க நம்பரைக் கம்பெனி அனுப்பிய காகிதத்தோடு இரண்டு தடவை சரிபார்த்தேன். அவருடையதுதான். முப்பது வருஷம் தினமும் பார்த்த பொருளை நம்பர் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அவர் கையில் கட்டிவிட்டேன். கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார்.

இந்தத் தடவை எறியவில்லை. பத்திரமாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"யாருதோ இது. பாவம், வீட்டுல தேடிக்கிட்டு இருப்பாங்க. கொண்டுபோயி குடுத்துட்டு வந்துடும்மா."

சரிங்க என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியும்விட்டேன். எந்தப் பக்கம் போவதென்றுதான் தெரியவில்லை.