மச்சான் வீசிய துண்டு

எனக்குத் தெரிந்த பாக்ஸிங் எல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். அந்தப் படிப்பை நம்பிக் கல்லூரிக் குத்துச்சண்டைப் போட்டிக்குப் பெயர் கொடுத்த மடையன் நான் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். அந்தப் போட்டியில் என் மேல் பட்டது ஒன்றே ஒன்று: சிவப்புக் கட்டம் போட்ட ஈரத் துண்டு. வீசியவன் என் மச்சான்.

அப்போது அவன் மச்சான் ஆகியிருக்கவில்லை. சிதம்பரத்தில் என் விடுதி அறைத் தோழன். அவன் தங்கையை நான் கட்டிக்கொண்டதெல்லாம் பிற்பாடு. ஒரு குத்துச்சண்டைக்காரனின் கதையைப் பாகம் பாகமாகச் சொல்லும் ஆங்கிலப் படங்கள் தமிழ் பேசிக்கொண்டு வந்த காலம் அது. ஒன்றையும் விடமாட்டோம். பார்த்துவிட்டு வந்து, விடுதி வராந்தாவில் உமி மூட்டையைத் தொங்கவிட்டுக் குத்துவேன். மூட்டை கிழிந்து உமி என் தலையில் கொட்டியதைக்கூட வெற்றி என்றே நம்பினேன். மச்சான் துண்டும் தண்ணீர்ச் செம்புமாகப் பக்கத்தில் நிற்பான். துண்டு வீசுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக எறிந்து இரண்டு பேருக்கும் இடம் பிடித்துவிடுவான். கடலூர் வரை நான் நின்றுகொண்டு போனதே இல்லை.

போட்டியில் எனக்கு வாய்த்தவன் திட்டக்குடிப் பக்கத்துக்காரன். கரும்புக் கட்டை ஒற்றைக் கையால் லாரியில் ஏற்றுகிறவன். மணி அடித்தது. கையைத் தூக்கினேன். அவன் எப்படி வந்தான், எந்தக் கையை ஓங்கினான் என்பதெல்லாம் ஏனோ எனக்கு நினைவில் இல்லை. முகத்தில் ஈரத் துணி சப்பென்று ஒட்டியதுதான் தெரியும். துண்டு விழுந்தால் நம் பக்கம் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டக்குடிக்காரன் கையைத் தூக்கினார்.

அன்றிலிருந்து வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் நான் சொல்லிவருவது இது: “இந்தாளு துண்டப் போடலன்னா அன்னிக்கி நான் அடிச்சித் தூக்கியிருப்பேன்.” மச்சான் இலையில் ரசத்தை வாங்கிக்கொள்வான். கேலியாகச் சொன்னாலும் உள்ளே ஒரு முள். என்னை நன்றாகத் தெரிந்தவனே, ஒரு குத்துக்குக்கூட நான் தாங்கமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டானே!

முடிந்துபோனதென்று நாங்கள் நினைத்திருந்த அந்தக் குத்துச்சண்டைப் பட வரிசையில் ஒரு புதுப் படம் போன வாரம் கடலூருக்கு வந்தது. மச்சான் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டான். படத்தில் அந்தப் பழைய வீரர் இப்போது பயிற்சியாளர். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறார்.

“நம்மள மாரியே ஆயிட்டாரு பாரு” என்றான் மச்சான்.

கடைசிச் சண்டையில் அவருடைய ஆள் அடி வாங்குகிறான். இவர் துண்டை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். வீசினால் பட்டம் போகும்; வீசாவிட்டால் அவன் கண் போகும். வீசினார். தியேட்டரே ‘அய்யோ’ என்றது. மச்சான் மட்டும் கைதட்டினான்.

பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி வளையும்போதே, தோளிலிருந்த துண்டை ஜன்னலுக்குள் எறிந்தான். இந்த வயதிலும் குறி தப்பவில்லை. ஏறி உட்கார்ந்தவனிடம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாகக் கேலி இல்லாமல் கேட்டேன்.

“நெசமா சொல்லு மச்சான். ஒரு குத்துகூட வுழல. அதுக்குள்ள ஏன் துண்டப் போட்ட?”

துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். வண்டி நகர்ந்தது.

“நீ கண்ண மூடிக்கிட்டு நின்ன மச்சான்.”